சிப்புக்கு மொழி தந்த வாத்தியார்

சலவை எந்திரத்தில் துணியைப் போட்டுப் பொத்தானை அமுக்குகிறீர்கள். அது தானாகத் தண்ணீர் பிடிக்கிறது. துணியைச் சுழற்றுகிறது. அழுக்குத் தண்ணீரை வெளியே தள்ளுகிறது. வேலை முடிந்ததும் மணி அடிக்கிறது.

அதற்கு யார் சொல்லிக்கொடுத்தது?

எந்திரத்தின் உள்ளே, விரல் நகம் அளவுக்கு ஒரு சிப் இருக்கிறது. அதன் பெயர் மைக்ரோ கண்ட்ரோலர். அந்தச் சிப்புக்குள் எழுதி வைத்திருக்கும் கட்டளைகள்தான் எந்திரத்தை ஆட்டிவைக்கின்றன.

இப்போது பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்கூட இப்படிப்பட்ட சிப்பைத் தபாலில் வரவழைக்கிறார்கள். 'சி' என்ற மொழியில் கட்டளைகளை எழுதுகிறார்கள். கம்ப்யூட்டரில் இருந்து ஒரு கம்பி வழியாக அதைச் சிப்புக்குள் ஏற்றுகிறார்கள். விளக்கு மினுக்குகிறது. பொம்மை வண்டி ஓடுகிறது. தொட்டி நிரம்பியதும் பம்பு நிற்கிறது.

இது இன்று விளையாட்டு. ஆனால், 1972-ம் ஆண்டில் இது நடக்குமா என்றே பலர் சந்தேகப்பட்டார்கள். நடக்கும் என்று செய்து காட்டியவர் ஒரு வாத்தியார். அவர் பெயர் கேரி கில்டால்.

கில்டாலைப் பற்றி உலகம் எங்கும் ஒரு கதை சொல்வார்கள். உலகத்தின் பெரிய பணக்காரர் ஆகியிருக்க வேண்டியவர் அவர். வாசலுக்கு வந்த அதிர்ஷ்டத்தைக் காத்திருக்க வைத்துவிட்டு, ஆகாய விமானத்தில் உல்லாசமாகப் பறக்கப் போய்விட்டார். அதனால் எல்லாம் கைநழுவிப் போயிற்று என்பது அந்தக் கதை.

அது உண்மைதானா? அவருடைய வாழ்க்கையைப் பார்த்தால் தெரியும்.

மாலுமிப் பள்ளிக்கூடம்

அமெரிக்காவின் மேற்குக் கரையில் சியாட்டில் என்ற துறைமுக நகரம் இருக்கிறது. அங்கே 1942-ம் ஆண்டு மே மாதம் 19-ந் தேதி கேரி கில்டால் பிறந்தார்.

அவருடைய குடும்பம் கடலோடு பழகிய குடும்பம். தாத்தா ஒரு பள்ளிக்கூடம் வைத்தார். கப்பலைத் திசை தப்பாமல் செலுத்தும் வித்தையை அங்கே கற்றுக்கொடுத்தார்கள். தாத்தாவுக்குப் பின் தந்தை அந்தப் பள்ளியை நடத்தினார்.

நடுக்கடலில் போகும் கப்பலுக்கு மைல் கல் கிடையாது. சூரியனையும் நட்சத்திரத்தையும் அளந்து, கப்பல் எந்த இடத்தில் இருக்கிறது என்று கணக்குப் போட வேண்டும். கணக்கு தப்பினால் கப்பல் பாறையில் மோதும். ஆகவே, அந்தப் பள்ளியில் கணக்குத்தான் உயிர்.

கைப்பிடியைச் சுற்றினால் கப்பல் இருக்கும் இடத்தைச் சொல்லிவிடும் ஒரு சின்ன எந்திரம் வேண்டும் என்று தந்தைக்கு நெடுநாள் ஆசை. அந்த ஆசை மகனின் மனதில் பதிந்தது.

கேரி, பள்ளிக்கூடத்தில் முதல் மார்க்கு வாங்கும் பிள்ளை அல்ல. மோட்டார் காரைப் பிரிப்பார்; மாட்டுவார். கருவிகளைக் குடைவதில்தான் அவருக்கு இன்பம். பள்ளிப் படிப்பு முடிந்ததும், குடும்பத்தின் மாலுமிப் பள்ளியிலேயே கொஞ்ச காலம் பாடம் சொல்லிக்கொடுத்தார்.

பள்ளிப் பருவம் முதல் பழகிய டோரதி என்ற பெண்ணை 1963-ம் ஆண்டில் மணந்தார். கணக்கு வாத்தியார் ஆக வேண்டும் என்பதற்காக வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார்.

அங்கேதான் அவர் கம்ப்யூட்டரைப் பார்த்தார். அன்று முதல் அதன்மேல் மோகம் பிறந்தது.

அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர் ஓர் அறை முழுவதையும் அடைத்துக்கொள்ளும். அதன் விலையில் பல வீடுகள் கட்டலாம். பகலில் பெரியவர்கள் அதை உபயோகிப்பார்கள். கில்டால் இரவில் போய் அதன் முன் உட்காருவார்.

வியட்நாம் யுத்தம் நடந்த நேரம் அது. வாலிபர்களைப் பட்டாளத்துக்கு அழைத்தார்கள். கில்டால் கப்பல் படையில் சேர்ந்தார். படித்தவர் ஆனதால் அவரைப் போர்க்களத்துக்கு அனுப்பவில்லை. கலிபோர்னியா மாநிலத்தில் மான்டெரி என்னும் ஊரில், கப்பல் படை அதிகாரிகள் மேல்படிப்புப் படிக்கும் கல்லூரியில் வாத்தியார் வேலை கொடுத்தார்கள். அருகே பசிபிக் குரோவ் என்ற கடற்கரைச் சிற்றூரில் அவர் குடித்தனம் வைத்தார். 1972-ம் ஆண்டில் டாக்டர் பட்டமும் பெற்றார்.

25 டாலர் சிப்

1971-ம் ஆண்டு நவம்பர் மாதம், இன்டெல் என்ற கம்பெனி ஒரு சிப்பை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் பெயர் 4004. சுமார் 2,300 டிரான்சிஸ்டர்களை ஒரே சின்னத் துண்டில் அடக்கியிருந்தார்கள். ஒரு ஜப்பானியக் கம்பெனியின் கணக்குப் போடும் எந்திரத்துக்காகச் செய்த சிப் அது.

25 டாலருக்கு ஒரு கம்ப்யூட்டர் என்று அதற்கு விளம்பரம் வந்தது. கல்லூரியின் அறிவிப்புப் பலகையில் இருந்த அந்த விளம்பரம் கில்டாலின் கண்ணில் பட்டது.

25 டாலருக்குக் கம்ப்யூட்டரா? அவருக்கு நம்பிக்கை வரவில்லை. ஆசையும் விடவில்லை. தந்தை கனவு கண்ட மாலுமி எந்திரம் உடனே ஞாபகத்துக்கு வந்தது.

ஆனால், சிப் மட்டும் கையில் இருந்தால் என்ன செய்ய முடியும்? அதற்கு மின்சாரம் வேண்டும். ஞாபகச் சிப் வேண்டும். கட்டளையை ஏற்றும் கருவி வேண்டும். அம்மிக் குழவி மட்டும் கிடைத்து அம்மி கிடைக்காதவர் நிலை அவர் நிலை.

கில்டால் ஒரு யுக்தி செய்தார். கல்லூரியில் பெரிய கம்ப்யூட்டர் இருந்தது அல்லவா? அந்தச் சிப் எப்படி எல்லாம் வேலை செய்யுமோ, அப்படியே நடித்துக் காட்டும் ஒரு புரோகிராமை அந்தப் பெரிய கம்ப்யூட்டரில் எழுதினார். சிப்பின் சுற்று எதுவும் கையில் இல்லாமலே, சிப்புக்கான கட்டளைகளை எழுதிச் சரிபார்த்துவிட்டார்!

மாலுமிக் கணக்குக்கு வேண்டிய முக்கோணக் கணக்குகளை எல்லாம் அந்த முறையில் எழுதி முடித்தார். அவற்றை எடுத்துக்கொண்டு இன்டெல் கம்பெனிக்குப் போனார். அவர்கள் வியந்தார்கள். அந்தப் புரோகிராம்களை வாங்கிக்கொண்டு, அதற்கு ஈடாகச் சிப்பை இயக்கிப் பழகும் கருவி ஒன்றைக் கொடுத்தார்கள். வாரத்தில் ஒரு நாள் வந்து யோசனை சொல்லும்படியும் கேட்டுக்கொண்டார்கள்.

தந்தையின் மாலுமி எந்திரத்துக்கு 4004-ன் சக்தி போதவில்லை. ஆனால், மகனுக்கு வேறொரு பெரிய பாதை திறந்துவிட்டது.

சோறு ஆக்குவது எப்படி?

சிப்புக்குத் தமிழும் தெரியாது, இங்கிலீஷும் தெரியாது. அதற்குத் தெரிந்தது எண்கள் மட்டுமே. ஒவ்வொரு எண்ணும் ஒரு மிகச் சிறிய வேலையைக் குறிக்கும்.

ஓர் உதாரணம் பாருங்கள். வீட்டில் பெரியவர்களிடம் சோறு ஆக்கச் சொன்னால் போதும். அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். ஒன்றும் தெரியாத ஒருவரிடம் சொல்வதானால், கையை நீட்டு, படியை எடு, அரிசியில் போடு, தூக்கு, கொட்டு என்று ஒவ்வொரு அசைவையும் சொல்ல வேண்டும். ஓர் அசைவை மறந்தாலும் சோறு கெட்டுப்போகும்.

சிப்புக்குக் கட்டளை எழுதுவது அப்படித்தான் இருந்தது. பக்கம் பக்கமாக எண்களை எழுத வேண்டும். ஓர் எண் தப்பினால் தலைகீழாகப் போய்விடும். எங்கே தப்பு என்று கண்டுபிடிக்க நாள்கணக்கில் ஆகும்.

பெரிய கம்ப்யூட்டர்களுக்கு அந்தக் கஷ்டம் நீங்கி இருந்தது. மனிதர் எழுதும் மொழியை எண்களாக மாற்றித் தரும் புரோகிராம்கள் இருந்தன. அப்படிப்பட்ட மொழிபெயர்ப்புப் புரோகிராமுக்குக் கம்பைலர் என்று பெயர். ஆனால், சின்னச் சிப்புக்கு அது தேவை இல்லை; அது முடியவும் முடியாது என்று நினைத்தார்கள்.

முடியும் என்றார் கில்டால். 1973-ம் ஆண்டில் அவர் செய்து முடித்த மொழிக்குப் 'பி.எல்.எம்.' என்று பெயர். அப்போது வந்திருந்த இன்டெல் 8008 என்ற சிப்புக்காக அதைச் செய்தார். மைக்ரோ சிப்புகளுக்கு என்று அமைந்த முதல் மேல்நிலை மொழி அதுதான்.

அந்தக் கம்பைலர் வேலை செய்யும் விதம் வேடிக்கையானது. கம்பைலர் ஓடுவது பெரிய கம்ப்யூட்டரில். அது எழுதித் தரும் எண்கள் போய்ச் சேருவதோ சின்னச் சிப்பில். பெரிய சமையல்கட்டில் சமைத்துச் சின்னத் தூக்குப் பாத்திரத்தில் அனுப்புவது போல!

எண்களைக் காகித நாடாவில் துளை துளையாகக் குத்தி எடுப்பார்கள். அதைக் கொண்டு ஞாபகச் சிப்பில் பதிப்பார்கள். இன்டெல் 1971-ம் ஆண்டில் வெளியிட்ட ஒரு ஞாபகச் சிப்பின் தலையில் கண்ணாடி ஜன்னல் இருந்தது. புற ஊதா விளக்கை அதில் காட்டினால் பதிந்தது எல்லாம் அழிந்துவிடும். மறுபடி புதிதாகப் பதிக்கலாம். சிலேட்டில் எழுதி அழிப்பது மாதிரி. அந்தச் சிலேட்டில் 256 எழுத்துகளுக்குத்தான் இடம்.

காகித நாடாவில் எண்களை வரிசைப்படுத்த இன்டெல் ஒரு முறை வகுத்தது. அதற்கு 'ஹெக்ஸ்' முறை என்று பெயர். ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் ஒரு முக்காற்புள்ளி. கடைசியில், தப்பு நேர்ந்தால் காட்டிக்கொடுக்கும் ஒரு சரிபார்ப்பு எண். காகித நாடா போய்விட்டது. அந்த முறை போகவில்லை. இன்றும் பொழுதுபோக்குக்காகச் சிப்பில் கட்டளை ஏற்றும் வாலிபரின் கம்ப்யூட்டரில், கம்பைலர் கடைசியில் எழுதித் தருவது பெரும்பாலும் அந்த ஹெக்ஸ் வரிகளைத்தான்.

தேய்ந்த கருவி

அடுத்த தொல்லை காகித நாடா. டெலிடைப் என்ற கருவி ஒரு விநாடிக்கு 10 எழுத்து மட்டுமே படிக்கும். கொஞ்சம் பெரிய புரோகிராம் என்றால் நாடா ஓடி முடிவதற்குள் சாப்பிட்டுவிட்டு வந்துவிடலாம். நடுவில் நாடா கிழிந்தால் மறுபடி முதலில் இருந்து ஆரம்பிக்க வேண்டும்.

அப்போது 'பிளாப்பி' என்ற காந்தத் தகடு வந்திருந்தது. அதில் எழுதவும் படிக்கவும் நொடிகள் போதும். ஷுகார்ட் என்ற கம்பெனி அதை ஓட்டும் கருவியைச் செய்தது. அதன் விலை கில்டாலுக்கு எட்டவில்லை. கம்பெனிக்காரர்களிடம் பேசிச் சோதனைக்காக ஓட்டி ஓட்டித் தேய்ந்துபோன கருவி ஒன்றைக் கேட்டு வாங்கிவிட்டார்.

கருவி வந்தது. அதைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் மின்சுற்று வரவில்லை. கில்டால் தாமே செய்ய முயன்றார். மின்சுற்று அவருக்குக் கைவராத வித்தை. மாதக்கணக்கில் பாடுபட்டும் தகடு சொன்னபடி கேட்கவில்லை.

மனம் தளர்ந்தவர், கல்லூரித் தோழர் ஜான் டோரோடியின் உதவியை நாடினார். மின்சுற்றைத் தோழர் செய்தார். தகட்டில் எதை எங்கே வைப்பது, எப்படித் தேடி எடுப்பது என்று கட்டுப்படுத்தும் புரோகிராமைக் கில்டால் எழுதினார்.

1974-ம் ஆண்டில் ஒரு நாள், பசிபிக் குரோவ் வீட்டின் பின்புறம், தட்டுமுட்டுச் சாமான்கள் போடும் கொட்டகையில் இரண்டு பேரும் எந்திரத்தை ஓட்டிப் பார்த்தார்கள். முதல் புரோகிராமைக் காகித நாடாவில் இருந்து ஏற்றினார்கள். தகடு சுழன்றது. எந்திரம் பதில் சொன்னது!

அந்தப் புரோகிராமின் பெயர் 'சி.பி.எம்.'. கம்ப்யூட்டர் முழுவதையும் மேய்க்கும் இப்படிப்பட்ட புரோகிராமை ஆப்பரேட்டிங் சிஸ்டம் என்பார்கள்.

இன்டெல் கம்பெனிக்கு அதை விற்க முன்வந்தார் கில்டால். அவர்கள் வேண்டாம் என்றார்கள்.

தபாலில் வந்த கம்ப்யூட்டர்

1975-ம் ஆண்டு ஜனவரியில், அமெரிக்கப் பத்திரிகை ஒன்றின் அட்டையில் ஒரு படம் வந்தது. 'ஆல்டேர் 8800' என்ற பெட்டியின் படம். உள்ளே இன்டெலின் 8080 சிப். உதிரிப் பாகங்களாகத் தபாலில் வரும். வீட்டிலேயே பற்றவைத்துச் சேர்த்துக்கொள்ள வேண்டும். விலை 397 டாலர்.

ரேடியோ கட்டிப் பழகிய வாலிபர்கள் பணம் அனுப்பினார்கள். ஆர்டர்கள் மலையாகக் குவிந்தன. கையில் பற்றவைக்கும் கோலும் மேசை நிறையக் கம்பியுமாகப் பொழுதுபோக்குக் கம்ப்யூட்டர்காரர்கள் என்று ஒரு கூட்டமே உண்டாயிற்று. அவர்களுக்குச் சங்கங்கள் வந்தன. பத்திரிகைகள் வந்தன. உதிரிப் பாகம் விற்கும் கடைகள் வந்தன.

ஆனால், பெட்டியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? முன்பக்கத்தில் இருந்த சுவிட்சுகளை மேலும் கீழுமாகத் தட்டித்தான் கட்டளையை ஏற்ற வேண்டும். விரல் வலிக்கும். மின்சாரம் நின்றால் எல்லாம் போச்சு.

அவர்களுக்கு வேண்டிய கருவிகள் கில்டாலிடம் இருந்தன. தகட்டில் எழுதி வைக்கலாம், திருத்தலாம், எண்களாக மாற்றலாம், தப்பைத் தேடிப் பிடிக்கலாம். அத்தனையும் ஒரே தகட்டில்.

கில்டாலும் மனைவி டோரதியும் சேர்ந்து ஒரு கம்பெனி ஆரம்பித்தார்கள். 'கண்டங்களை அல்ல, நட்சத்திர மண்டலங்களையே தாண்டிய' என்று பொருள்படும் ஒரு வேடிக்கைச் சொல்லை முதலில் பெயரோடு சேர்த்து வைத்தார்கள். பின்பு 'டிஜிட்டல் ரிசர்ச்' என்று பெயர் நிலைத்தது. பத்திரிகை விளம்பரத்தைப் பார்த்து மக்கள் தபாலில் கேட்டார்கள். விலை 100 டாலருக்கும் குறைவு. கில்டால் புரோகிராம் எழுதினார். கணக்கு வழக்கு, ஒப்பந்தம், வாடிக்கையாளர் எல்லாம் டோரதியின் பொறுப்பு.

ஒரு சின்னத் தந்திரம்

விதவிதமான கம்பெனிகள் விதவிதமான கம்ப்யூட்டர் செய்தன. ஒன்றின் மின்சுற்று இன்னொன்றுக்குப் பொருந்தாது. ஒவ்வொன்றுக்கும் சி.பி.எம்.மைத் திருத்தி எழுதிக் கில்டால் அலுத்துப்போனார்.

ஆகவே, அவர் ஒரு காரியம் செய்தார். எந்திரத்துக்கு எந்திரம் மாறும் பகுதியை மட்டும் தனியே பிரித்து ஒரு சிறு துண்டாக வைத்தார். அதற்குப் 'பயாஸ்' என்று பெயர் சூட்டினார். புது எந்திரம் வந்தால் அந்தத் துண்டை மட்டும் மாற்றினால் போதும். மற்றது எல்லாம் அப்படியே ஓடும்.

விளக்கு எந்தக் கம்பெனியுடையதாக இருந்தாலும் ஒரே மாட்டியில் பொருந்துவது மாதிரி, ஒருவர் எழுதிய புரோகிராம் பல கம்பெனிகளின் கம்ப்யூட்டர்களில் ஓடிற்று. புரோகிராம் எழுதி விற்பது ஒரு தனித் தொழிலாக வளர்ந்ததற்கு இதுவும் ஒரு பெரிய காரணம். 1981-ம் ஆண்டுவாக்கில் சுமார் 3,000 வகைக் கம்ப்யூட்டர்களில் சி.பி.எம். ஓடியது. கம்பெனியின் ஆண்டு வருமானம் 54 லட்சம் டாலரை எட்டியது.

'சி' மொழியும் இந்த வழியாகத்தான் பல வீடுகளுக்குள் நுழைந்தது. சி மொழியைச் செய்தவர் கில்டால் அல்ல; பெல் ஆராய்ச்சிக்கூடத்தைச் சேர்ந்த டென்னிஸ் ரிச்சி. 1972-ம் ஆண்டுவாக்கில் அவர் அதை உருவாக்கியது பெரிய எந்திரங்களில். 1979-ம் ஆண்டில் சி.பி.எம். எந்திரங்களுக்குச் சிக்கனமான சி கம்பைலர் ஒன்று வந்தது. சம்பளக்காரர்களும் மாணவர்களும் வீட்டு மேசையிலேயே சி படித்தார்கள்.

இன்டெல் 1976-ம் ஆண்டில் 8048 என்ற மைக்ரோ கண்ட்ரோலரையும், 1980-ம் ஆண்டில் 8051-ஐயும் வெளியிட்டது. 8051-க்கு எழுதவும் பி.எல்.எம். மொழி உதவியது. நாளடைவில் அந்த இடத்தைச் சி பிடித்துக்கொண்டது. மொழி மாறிற்று. ஆனால், பெரிய எந்திரத்தில் எழுதிச் சின்னச் சிப்பில் ஏற்றும் முறை மாறவில்லை.

அந்த ஒரு நாள்

1980-ம் ஆண்டு. ஐ.பி.எம். என்பது அப்போது கம்ப்யூட்டர் உலகத்தின் மகாராஜா. அந்தக் கம்பெனி, மேசைமேல் வைக்கும் சிறு கம்ப்யூட்டர் ஒன்றை ரகசியமாகச் செய்யத் தொடங்கியது. அதற்கு ஆப்பரேட்டிங் சிஸ்டம் வேண்டும். மைக்ரோசாப்ட் என்ற சிறு கம்பெனியைக் கேட்டார்கள். அதன் தலைவர் பில் கேட்ஸ், கில்டாலிடம் போகும்படி சொல்லி அனுப்பினார்.

ஐ.பி.எம். அதிகாரிகள் பசிபிக் குரோவுக்கு வந்தார்கள். கில்டால் அங்கே இல்லை. சொந்த விமானத்தை ஓட்டிக்கொண்டு வெளியூர் போயிருந்தார். அதுதான் கதைக்கு வித்து.

ஆனால், அவர் போனது உல்லாசத்துக்கு அல்ல. வாடிக்கையாளரான ஒரு வியாபாரியைப் பார்க்கத் தொழில் நிமித்தமாகப் போனார். ஒப்பந்தங்களைப் பேசுவது எப்போதும் டோரதியின் வேலை. ஆகவே, அன்றும் அவரே பேச உட்கார்ந்தார்.

அதிகாரிகள் முதலில் ஒரு காகிதத்தை நீட்டினார்கள். ஐ.பி.எம். சொல்லும் எதையும் வெளியே சொல்லக் கூடாது. ஆனால், இவர்கள் சொல்வதை ஐ.பி.எம். தன் விருப்பப்படி உபயோகிக்கலாம் என்று அதில் கண்டிருந்தது. ஒரு பக்கமாகச் சாய்ந்த தராசு! வக்கீலைக் கேட்டார்கள். கையெழுத்துப் போடத் தயங்கினார்கள். பேச்சிலேயே வெகு நேரம் கழிந்தது.

பிற்பகலில் கில்டால் திரும்பி வந்துவிட்டார். பிறகு என்ன பேசினார்கள் என்பதை இரு தரப்பாரும் இரு விதமாகச் சொல்கிறார்கள். முடிவில் தடையாக நின்றது பணம். ஒரே தடவையில் ஒரு தொகையைக் கொடுத்து முடித்துக்கொள்ள ஐ.பி.எம். விரும்பியது. விற்கும் ஒவ்வொரு பிரதிக்கும் பங்கு வேண்டும் என்றார் கில்டால். பேச்சு முறிந்தது.

ஐ.பி.எம். மறுபடி மைக்ரோசாப்ட்டிடம் போனது. சியாட்டிலில் ஒரு சிறு கம்பெனியில் டிம் பேட்டர்சன் என்பவர் ஓர் ஆப்பரேட்டிங் சிஸ்டம் எழுதி வைத்திருந்தார். புரோகிராம்கள் அதை அழைக்கும் முறை சி.பி.எம்.மின் முறையை ஒட்டி இருந்தது. 1981-ம் ஆண்டு ஜூலையில் மைக்ரோசாப்ட் அதன் முழு உரிமையையும் 50,000 டாலருக்கு வாங்கியது.

1981-ம் ஆண்டு ஆகஸ்டு 12-ந் தேதி ஐ.பி.எம். கம்ப்யூட்டர் வெளிவந்தது. மற்ற கம்பெனிகளுக்கும் அந்த ஆப்பரேட்டிங் சிஸ்டத்தை விற்கும் உரிமையை மைக்ரோசாப்ட் தன் கையில் வைத்துக்கொண்டது. பின்னால் கொட்டிய செல்வத்துக்கு அந்த ஒரு ஷரத்துத்தான் காரணம்.

கில்டால் கொதித்தார். தன் புரோகிராமைப் பார்த்துச் செய்தது அது என்று குற்றம் சாட்டினார். சொந்தமாக எழுதியதே என்றார் பேட்டர்சன். வழக்கு வராமல் இருக்க, கில்டாலின் சரக்கையும் சேர்த்து விற்க ஐ.பி.எம். ஒப்புக்கொண்டது.

கடைக்கு வந்தபோதுதான் விலை தெரிந்தது. மைக்ரோசாப்ட் செய்தது 40 டாலர். கில்டால் செய்தது 240 டாலர். ஆறு மடங்கு! யார் வாங்குவார்கள்?

வெளியே சிரிப்பு, உள்ளே புண்

கில்டால் ஏழையாகிவிடவில்லை. பங்களா, பந்தயக் கார்கள், விமானங்கள் எல்லாம் இருந்தன. 1983-ம் ஆண்டு முதல் 1990-ம் ஆண்டு வரை, கம்ப்யூட்டர் பற்றிய ஒரு டெலிவிஷன் நிகழ்ச்சியில் தோன்றி, சாதாரண மக்களுக்குப் பொறுமையாக விளக்கம் சொன்னார். வாத்தியார் அல்லவா!

மூளையும் சும்மா இருக்கவில்லை. கலைக்களஞ்சியம் முழுவதையும் ஒரே வட்டத்தகட்டில் அடக்கி, தேடிய சொல்லை நொடியில் எடுக்கும் வேலையில் இறங்கினார். 1985-ம் ஆண்டில் குரோலியர் கலைக்களஞ்சியம் அப்படி வெளிவந்தது. பல தொகுதிகள் உள்ளங்கை அளவில் அடங்கின.

ஆனால், மனதில் நிம்மதி இல்லை. டோரதியோடு மண வாழ்க்கை முறிந்தது. 1991-ம் ஆண்டில் கம்பெனியை நோவல் என்ற கம்பெனிக்கு விற்றுவிட்டார். போகும் இடம் எங்கும், விமானத்தில் பறக்கப் போய்விட்டீர்களாமே என்ற கேள்வி துரத்தியது. எத்தனை தடவைதான் பதில் சொல்வது?

1992-ம் ஆண்டில், அவர் படித்த வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் கம்ப்யூட்டர் துறை 25-வது ஆண்டு விழா கொண்டாடியது. பழைய மாணவரான அவரையும் அழைத்தார்கள். ஆனால், முக்கியச் சொற்பொழிவாற்றியவர் பில் கேட்ஸ். அவர் அங்கே படித்தவர் அல்ல. அது கில்டாலின் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது.

வீட்டுக்குப் போய்த் தம் வரலாற்றை எழுதினார். அதைக் கடையில் விற்கவில்லை. சில பிரதிகளை மட்டும் உறவினருக்கும் நண்பருக்கும் கொடுத்தார். அவர் காலத்துக்குப் பின், 2016-ம் ஆண்டில், அதன் முதற்பகுதியைக் குடும்பத்தார் உலகத்துக்கு வெளியிட்டார்கள்.

கடைசி நாட்களில் குடிப்பழக்கம் அவரை வாட்டியது. 1994-ம் ஆண்டு ஜூலை 8-ந் தேதி, மான்டெரியில் ஒரு மதுக்கடையில் அவர் தலையில் அடிபட்டது. எப்படி அடிபட்டது என்பது இன்றுவரை தெளிவாகவில்லை. ஜூலை 11-ந் தேதி அவர் காலமானார். வயது 52. பிறந்த ஊரான சியாட்டிலில் அடக்கம் செய்தார்கள்.

கொட்டகையும் கல்வெட்டும்

2014-ம் ஆண்டில், பசிபிக் குரோவில் கம்பெனி இருந்த வீட்டின் முன்னால், உலக மின்பொறியாளர் சங்கம் ஒரு கல்வெட்டுப் பதித்தது. கம்ப்யூட்டர் தொழிலின் மைல் கல் என்று அந்த இடத்தைச் சிறப்பித்தது. அதைப் பார்க்க அவர் இல்லை. டோரதியும் 2005-ம் ஆண்டிலேயே கண்மூடிவிட்டார்.

பறந்துபோன அதிர்ஷ்டத்தின் கதையை இன்றும் சொல்கிறார்கள். அந்தக் கதையில் ஒரு நாள் மட்டுமே இருக்கிறது. அறிவிப்புப் பலகையில் 25 டாலர் விளம்பரத்தைப் பார்த்த நாள் அதில் இல்லை. பெரிய கம்ப்யூட்டரிலேயே சிப்புக்குக் கட்டளை எழுதிய இரவுகள் இல்லை. தேய்ந்த கருவியோடு போராடிய மாதங்கள் இல்லை.

இப்போது ஏதோ ஒரு வீட்டில், ஒரு பையனோ பெண்ணோ மேசைமேல் ஒரு சின்னச் சிப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். சி மொழியில் நாலு வரி எழுதி, பொத்தானை அமுக்கியிருக்கலாம். கம்பைலர் அதை முக்காற்புள்ளியில் தொடங்கும் வரிகளாக மாற்றுகிறது. கம்பி வழியாக அவை சிப்புக்குள் போகின்றன. சிவப்பு விளக்கு மினுக்குகிறது.

அந்தப் பிள்ளைக்குக் கில்டாலின் பெயர் தெரியாமல் இருக்கலாம். ஆனால், கம்பியில் ஓடும் கட்டளை அவர் போட்ட பாதையில்தான் போகிறது.